இசை வரலாறு கற்பிக்கவிருக்கும் இசைவாணர்க்கான பட்டமேற்படிப்புப் பயிற்சி: குடுமியான்மலை இசைக் கல்வெட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி இசைத்துறைகளில் இசை வரலாற்றுத் தாளைக் கற்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வாய்ப்பாட்டிலோ கருவியிசையிலோ தேர்ந்தவர்களுக்கே வருகிறது. அவர்கள் இசையை முறையாகப் பயின்றவர்கள். வரலாற்றுச் சான்றுகளைக் கையாளும் பயிற்சியோ அவர்களுக்கு முறையாக வழங்கப்படுவதில்லை. சான்று கூறுவது, ஆய்வாளர் அதிலிருந்து ஊகித்தது, தம் இசைப்பயிற்சியால் தாமே அதில் ஏற்றிக் கேட்பது ஆகிய மூன்றையும் பிரித்தறியும் திறனே அத்தகைய பயிற்சியின் மையமாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை புதுக்கோட்டை மாவட்டத்தின் குடுமியான்மலை இசைக் கல்வெட்டைக் கொண்டு விளக்குகிறது. திருமயத்தின் சிதைந்த கல்வெட்டு, குடுமியான்மலையின் தேவரடியார் கல்வெட்டு, புதுக்கோட்டைத் தாளக்கருவி மரபின் வாய்மொழிச் செய்திகள் ஆகியன துணைச் சான்றுகளாகின்றன.

திறவுச் சொற்கள்: இசை வரலாறு, இசைக் கல்வி, குடுமியான்மலை, பல்லவ கிரந்தம், சுரக்குறியீடு, திருமயம், கஞ்சிரா, ஆய்வுப் பயிற்சி

முன்னுரை

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பொறிப்பித்தவர் யார் என்று வினவினால், இசை பயிலும் மாணவர் பெரும்பாலும் தயக்கமின்றி முதலாம் மகேந்திரவர்மன் என்பர். தேர்வு வழிகாட்டி நூல்கள் பலவற்றிலும் அவ்விடையே உள்ளது. அக்கல்வெட்டில் எந்த மன்னனின் பெயரும் இல்லை என்பதையோ, அம்முடிவு எவ்வழியில் எட்டப்பட்டது என்பதையோ அவர்களிடம் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அவ்வமைதிக்கு மாணவரைக் குறைகூற இயலாது. அவருக்குக் கற்பித்தவரும் அதே ஒருவரி விடையைக் கற்றே தேர்ச்சி பெற்றவர்.

தமிழகத்தில் இசை உயர்கல்வியின் ஒரு பாடமாகி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகிறது. சிதம்பரத்தில் இராஜா அண்ணாமலை இசைக் கல்லூரி 1929இல் தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1930களில் இந்திய இசைக்கான படிப்பு அமைந்தது. பி. சாம்பமூர்த்தி (1901-1973) எழுதிய பாடநூல்கள் அப்படிப்புக்கு ஒரு வடிவம் தந்தன. வாக்கேயக்காரர் வாழ்க்கை, இலக்கண நூல்களின் வரிசை, கருவிகளின் விளக்கம், அரசர்களின் ஆதரவு என்னும் அவ்வடிவமே இன்றளவும் இசை வரலாற்றுத் தாள்களின் எலும்புக்கூடாக உள்ளது. பாடநூலே இல்லாதிருந்த காலத்தில் அது பெரும் பணி என்பதில் ஐயமில்லை. சிக்கல் அதன் பின்னர் நேர்ந்தது. அவர் திரட்டித் தந்த செய்திகள் மாணவர்க்குச் செய்திகளாகவே கைமாறின. அச்செய்திகள் எங்கிருந்து வந்தன என்னும் வினா அவற்றுடன் கைமாறவில்லை.

தகுதி விதிகள் கூறுவன

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, இசைத்துறை உதவிப் பேராசிரியர் பணிக்கு இருவழிகளைத் திறந்து வைத்துள்ளது. முதல் வழி பிற துறைகளுக்கும் பொதுவானது: 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும், அல்லது விதிகள் ஏற்கும் முனைவர் பட்டமும். இரண்டாம் வழி மரபுவழிக் கலைஞர்க்கும் தொழில்முறைக் கலைஞர்க்கும் உரியது. இளநிலைப் பட்டம் பெற்று, புகழ்பெற்ற ஆசானிடம் பயின்று, வானொலி அல்லது தொலைக்காட்சியில் உயர்நிலை ‘ஏ’ தரக் கலைஞராக விளங்குபவர், தம் பாடத்தைக் காரண காரியத்துடன் விளக்கும் திறனும் எடுத்துக்காட்டுகளுடன் இலக்கணம் கற்பிக்கும் அறிவும் உடையவராயின் தகுதி பெறுவார்.

இரண்டாம் வழி வரவேற்கத்தக்கது. அது இல்லையெனில் மரபுக் குடும்பங்களின் கலைஞர்கள் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியிலேயே நின்றிருப்பர். எனினும் இருவழிகளிலும் ஒரே இடைவெளி உள்ளது. தேசியத் தகுதித் தேர்வின் இரு தாள்களும் கொள்குறி வினாக்களால் ஆனவை. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்வதற்கும் ஒரு சான்றின் வலிமையை எடைபோடுவதற்கும் தொலைவு மிகுதி. மரபுக் கலைஞர்க்கான வழியோ இலக்கணத்தையும் விளக்கத்தையும் குறிப்பிடுகிறது. வரலாற்றைத் தனியே எண்ணவில்லை. இலக்கணம் கற்பிக்க வல்லவர் வரலாறும் கற்பிக்க வல்லவரே என்னும் எண்ணம் விதியின் பின்னணியில் இருப்பதாகத் தோன்றுகிறது. அவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்கக் குடுமியான்மலைப் பாறை ஏற்ற இடம்.

பாறையில் உள்ளது

புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் குடுமியான்மலை உள்ளது. சிகாநாதசுவாமி கோயில் வளாகத்தை ஒட்டிய குன்றில் மேலைக்கோயில் என்னும் குடைவரையும், அதன் அருகே பாறைச் சரிவில் இசைக் கல்வெட்டும் அமைந்துள்ளன. கல்வெட்டு ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்புடையது. 1904ஆம் ஆண்டில் எச். கிருஷ்ண சாஸ்திரி இதனைக் கண்டறிந்தார். பி. ஆர். பண்டார்கர் இதன் பாடத்தை ‘எபிகிராபியா இண்டிகா’ 12ஆம் தொகுதியில் (1913-14) வெளியிட்டார். எழுத்து பல்லவ கிரந்தம், மொழி சமற்கிருதம், இறுதியில் தமிழில் ஒரு தொடர் உண்டு.

சிவவணக்கத்துடன் தொடங்கும் கல்வெட்டு ஏழு பகுதிகளாக உள்ளது. மத்திமகிராமம், சட்சகிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம் என்னும் ஏழு கிராமராகங்களுக்கும் ஒவ்வொரு பகுதி உரியது. நாரதீய சிட்சையும் இவ்வேழு பெயர்களையே கூறுகிறது. ஒவ்வொரு பகுதியும் உட்பிரிவுகளை உடையது. உட்பிரிவில் நான்கு நான்கு சுரங்களாகப் பிரிந்த 16 கூட்டங்கள், அதாவது 64 சுரங்கள் உள்ளன. பகுதித் தலைப்பில் வரும் ‘சதுஷ்பிரகார’ என்னும் சொல் நான்கு அடிப்பு அல்லது நான்கு மீட்டு என்று பொருள்படும்.

முடிவுரையில் இவற்றை இயற்றியவர் பற்றிய செய்தி உள்ளது. அவர் உருத்திராசாரியரின் மாணவர், பரம மாகேசுவரர், அரசர், மாணவர்களின் நலன் கருதி இதனைச் செய்தவர். அவ்வளவே. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியன என்று அதன்பின் வரும் தமிழ்த் தொடர் தெரிவிக்கிறது. எட்டு எவை, ஏழு எவை என்பதை அத்தொடர் சொல்லவில்லை. எட்டு நரம்பும் ஏழு நரம்பும் உடைய யாழ் வகைகளைக் குறிப்பதாகக் கொள்வோர் உளர். வேறு பொருள் காண்போரும் உளர்.

மகேந்திரவர்மன் என்னும் முடிவு எவ்வாறு வந்தது? எழுத்தமைதி ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கருதப்பட்டது. குடைவரை மகேந்திரவர்மனை நினைவூட்டியது. அவன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ இயற்றியவன், கலைகளில் ஈடுபாடுடையவன். பரிவாதினி என்னும் ஏழு நரம்பு வீணையின் பெயரைக் குறிக்கும் சிறு எழுத்துப் பொறிப்பு குடுமியான்மலையிலும் திருமயத்திலும் காணப்படுகிறது. இவை அனைத்தும் சேர்ந்து ஒரு கருதுகோளாயின. மயிலை சீனி. வேங்கடசாமி முதலியோர் அக்கருதுகோளின் வழியில் எழுதினர். மறுபுறம், பல்லவர் ஆட்சி இப்பகுதிவரை எட்டியதா, குடைவரை பாண்டியர் அல்லது முத்தரையர் காலத்ததா என்னும் ஐயங்கள் கட்டடக்கலை ஆய்வாளரிடையே எழுந்தன. கருதுகோள் தவறு என்பது இங்கு வாதமன்று. அது கருதுகோள் என்னும் நிலையை வகுப்பறைக்குள் நுழையும்போது இழந்துவிடுகிறது. ஒரு மதிப்பெண்ணுக்குரிய ‘உண்மை’ ஆகிவிடுகிறது என்பதே குறிப்பிடத்தக்கது.

இசைவாணரின் செவி

இசைக் கல்வெட்டின் மிகக் கடினமான பகுதி சுரங்களின் உயிரெழுத்துகளே. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களுள் ஒன்றைப் பெற்று வருகிறது. சட்சம் ச, சி, சு, செ என்றும் இடபம் ர, ரி, ரு, ரெ என்றும் வரும். அந்தர காந்தாரம் உயிரெழுத்தாகிய அகர வரிசையாலும் காகலி நிடாதம் ககர வரிசையாலும் குறிக்கப்படுகின்றன. சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் உள்ளன.

கருநாடக இசையில் முதுகலை பயிலும் ஒருவர் இதனை முதன்முறை காணும்போது நிகழ்வதை எளிதில் கணிக்கலாம். ர, ரி, ரு என்றவுடன் அவர் செவியில் சுத்த, சதுச்சுருதி, சட்சுருதி இடபங்கள் ஒலிக்கும். 72 மேளகர்த்தா அமைப்பில் அவர் சிறு வயது முதல் மனப்பாடம் செய்த அசைகள் அவை. ‘ஏழாம் நூற்றாண்டிலேயே மேளகர்த்தா முறை இருந்தது’ என்னும் பெருமிதம் கலந்த முடிவு அடுத்த நொடியே பிறந்துவிடும். வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டினர் என்பது நினைவுக்கு வந்தாலும், ‘அவருக்கு முன்பே நம்மிடம் இருந்தது’ என்று அப்பெருமிதம் மேலும் வலுப்பெறும்.

அவரைத் திருத்தப் பேராசிரியரின் அதிகாரம் தேவையில்லை. பாறையையே மீண்டும் படிக்கச் செய்தால் போதும். மேளகர்த்தா அமைப்பில் ரி, க, த, நி நான்கும் மும்மூன்று உயிர்களைப் பெறும். மத்திமம் இரண்டைப் பெறும். சட்சமும் பஞ்சமமும் மாறா. குடுமியான்மலையிலோ சட்சமும் பஞ்சமமும் கூட நான்கு உயிர்களையும் ஏற்கின்றன. மாறாச் சுரங்கள் எனத் தாம் அறிந்தவை மாறி வருவதைக் காணும் மாணவர், தம் விளக்கம் பொருந்தவில்லை என்பதைத் தாமே உணர்வார். உயிர்கள் நுண்சுருதி வேறுபாட்டைக் குறிக்கும் என்னும் பழைய விளக்கமும் இதே இடத்தில் விடை கூறவேண்டிய நிலைக்கு ஆளாகிறது. நரம்பை மீட்டும் முறையை உயிர்கள் குறிக்கின்றன என்னும் விளக்கத்துக்குத் தலைப்பிலுள்ள ‘பிரகார’ என்னும் சொல் துணைநிற்கிறது. எந்த உயிர் எந்த மீட்டு என்பது அங்கும் தெளிவாகவில்லை. ஆர். சத்தியநாராயணா 1957இலும் ரிச்சர்ட் விட்டெஸ் 1979இலும் இக்கல்வெட்டை விரிவாக ஆராய்ந்தனர். அவர்கள் எழுத்துகளைப் பண்டார்கரின் கட்டுரையுடன் அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே ஒரு மாணவர்க்கு அரைப் பருவக் கல்வி.

தாளக்கருவி பயின்றவர் வேறொரு வழியில் இடறுவார். நான்கு நான்காகப் பதினாறு கூட்டங்கள், மொத்தம் 64 என்றதும் அவர் கை தானாகவே தாளம் போடத் தொடங்கும். ஆதி தாளத்தில் இத்தனை ஆவர்த்தனம் என்று கணக்கும் வந்துவிடும். கல்வெட்டில் தாளக் குறிப்பு எழுதப்படவில்லை. எண்ணிக்கை இருப்பதனாலேயே தாளம் இருந்தது என்றாகாது.

இவ்விடர்களைச் சுட்டுவதால் இசைவாணரின் செவி வரலாற்றுக்குத் தடை என்று கொள்ளலாகாது. கல்வெட்டியலார் பலர் பார்த்தும் பொருட்படுத்தாத ஒன்றை வீணை பயின்றவர் பார்த்த மாத்திரத்தில் உணர்வார்: இஃது ஓர் உருப்படியன்று, பயிற்சி வரிசை போன்றது, சரளி வரிசையும் அலங்காரமும் விரலுக்குப் பழகியவருக்கு அவ்வொழுங்கு அந்நியமன்று. ‘மாணவர் நலன் கருதி’ என்னும் முடிவுரைச் சொல்லுடன் இவ்வுணர்வு இயைகிறது. ஆனால் இயைபு வேறு, நிறுவல் வேறு. அவ்வுணர்வை ஒரு வினாவாக மாற்றி, எக்கூட்டங்கள் மீண்டும் வருகின்றன, எவை வருவதில்லை, ஏழு பகுதிகளுக்கும் பொதுவான ஒழுங்கு உண்டா என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் இசைவாணர் வரலாற்றாசிரியராகிறார். அவ்வாறு எண்ணிப் பார்க்க முதலில் எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

எழுத்து பற்றிய அச்சம் இசை மாணவரிடையே பெரிது, தேவையற்றது. இக்கல்வெட்டின் சுரப்பகுதியில் ஏழு சுரங்களும் அந்தர, காகலிகளும் சேர்ந்து ஒன்பது அடிப்படைகள். ஒவ்வொன்றும் நான்கு உயிர் பெறினும் மிகுதியாக 36 எழுத்துருக்களே. சமற்கிருதம் அறியாத மாணவரும் சில நாள் பயிற்சியில் சுரப்பகுதியைத் தாமே வாசிக்கலாம். தலைப்புகளுக்கும் முடிவுரைக்கும் மொழியறிஞரின் துணை வேண்டும். எந்த இடத்தில் தமக்குத் துணை வேண்டும் என்பதை அறிவதும் பயிற்சியின் பகுதியே.

திருமயத்தில் எஞ்சியவை

இதே மாவட்டத்தின் திருமயத்தில், சத்தியகிரீசுவரர் குடைவரையிலும் இசை பற்றிய கல்வெட்டு ஒன்று இருந்தது. அது பெருமளவு அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் சைவ, வைணவக் கோயில்களிடையே எழுந்த வழக்கின் தீர்வைக் கூறும் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. இசைக் கல்வெட்டின் சில சொற்களே எஞ்சியுள்ளன.

குடுமியான்மலையை அடுத்துத் திருமயத்தைக் காணும் மாணவர்க்கு, முழுமையாகக் கிடைத்த சான்று ஒரு விபத்தின் விளைவு என்பது புலனாகும். 13ஆம் நூற்றாண்டில் திருமயத்துக் கோயிலாருக்கு நிலமும் வருவாயும் பற்றிய தீர்வு, ஆறு நூற்றாண்டு பழைமையான சுரங்களைவிட இன்றியமையாததாக இருந்தது. அக்காலத்தவர் எவரேனும் அப்பழைய எழுத்தைப் படிக்க வல்லவராக இருந்தனரா? இவ்வினாவை எழுப்பாத வரலாற்றுத் தாள், ‘தொன்மையான இசை மரபு இடையறாது தொடர்ந்தது’ என்று எளிதாக எழுதிச் செல்லும்.

பாடத்திட்டத்தில் இடம்பெறாதோர்

குடுமியான்மலைக் கோயிலில் மற்றொரு கல்வெட்டும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில், துர்க்கையாண்டி நாச்சியின் மகள் உமையாள்வி நாச்சி என்னும் தேவரடியார் கோயிலிடமிருந்து நிலம் வாங்கி அம்மன் திருமுன்னை எழுப்பிய செய்தி அதில் உள்ளது. ஒரே வளாகத்தில் உள்ள இரு சான்றுகளுள் முதலாவது இசை வரலாற்றுத் தாள்கள்தோறும் இடம்பெறுகிறது. இரண்டாவது ‘கோயில் வரலாறு’ என்று ஒதுக்கப்படுகிறது. கோயிலின் ஆடலும் பாடலும் யாரிடம் இருந்தன, அவர்களிடம் பொருள் வளமும் ஈகையுரிமையும் எவ்வளவு இருந்தன என்பவை இசை வரலாற்றின் வினாக்கள் இல்லையெனில் வேறு எதன் வினாக்கள்? அம்மரபின் அண்மைக்காலத் தொடர்ச்சியும் இம்மாவட்டத்திலேயே உள்ளது. விராலிமலைச் சதிர் மரபைச் சேர்ந்த இரா. முத்துக்கண்ணம்மாள் 2022இல் பத்மசிறீ விருது பெற்றார்.

புதுக்கோட்டை என்றவுடன் இசையுலகம் நினைப்பது தாளக்கருவி மரபையே. மான்பூண்டியா பிள்ளை (1859-1922) கஞ்சிராவை அரங்கிசைக்குரிய கருவியாக்கியவர் எனப் போற்றப்படுகிறார். அவர்வழி வந்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875-1936) மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் ஒருங்கே விளங்கினார். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962) அம்மரபைத் தொடர்ந்தார். தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் பயின்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், மகளிர் மிருதங்கம் வாசிப்பது அரிதாயிருந்த காலத்தில் அரங்கேறியவர்.

மான்பூண்டியா பிள்ளை பற்றி வழங்கும் செய்திகள் மிகுதியும் வாய்மொழியானவை. விளக்கேற்றும் பணியில் இருந்தவர் தவில் கற்கச் சென்றது, தஞ்சையில் மிருதங்க வித்துவான் நாராயணசாமி அப்பாவுடன் வாசித்தது ஆகியவை கூறுவோருக்கேற்ப வேறுபட்டு வழங்குகின்றன. கல்வெட்டைப் படிக்கப் பழகிய மாணவர் இவற்றை ‘கட்டுக்கதை’ எனத் தள்ள முனைவதும், மரபில் வந்த மாணவர் இவற்றை எழுத்துக்கு எழுத்து உண்மை எனக் கொள்வதும் இயல்பு. இரண்டும் வரலாற்றுப் பயிற்சியின்மையின் அடையாளங்களே. ஒரு கதையை யார், யாரிடம், எப்போது கூறினார், எந்தக் குருமரபின் பெருமையை அது நிலைநிறுத்துகிறது, எந்த வடிவில் எந்தச் செய்தி விடுபடுகிறது என்று பதிவு செய்தால், நிகழ்ச்சி ஐயத்துக்குரியதாயினும் மரபின் தன்னுணர்வு பற்றிய உறுதியான சான்று கிடைக்கும். தவில் மரபில் பிறந்த பி. எம். சுந்தரம் நாகசுர, தவில் கலைஞர்களின் வரலாற்றை ‘மங்கல இசை மன்னர்கள்’ என்னும் நூலாகத் தொகுத்தார். குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவராலேயே அப்பணி இயன்றது.

கருவியும் சான்றாகும். கஞ்சிராவின் பலாமரச் சட்டத்தில் முன்னர் உடும்புத் தோலே பூட்டப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கிறது. ஆகவே மாற்றுத் தோல்களும் செயற்கைப் பொருள்களும் வந்துள்ளன. இன்று கேட்கும் நாதத்தைக் கொண்டு மான்பூண்டியா பிள்ளையின் நாதத்தை அறிந்ததாக வகுப்பில் கூறும் ஆசிரியர், இம்மாற்றத்தையும் உடன்கூறக் கடமைப்பட்டவர்.

பயிற்சி எவ்வாறு அமையலாம்

தமிழ்த்துறையில் சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடியார்க்குநல்லார் உரையுடன் படிப்போர் உள்ளனர். அவர்களுள் பலர்க்குப் பாலையின் சுரங்களைப் பாடிக்காட்ட இயலாது. இசைத்துறையில் பாடவல்லோர் உள்ளனர்; உரையைப் படிக்க அவர்கள் பழகவில்லை. இவ்விடைவெளியைத் தனிமனிதர் சிலரே தம் முயற்சியால் கடந்துள்ளனர். ‘கருணாமிர்த சாகரம்’ (1917) எழுதிய ஆபிரகாம் பண்டிதர் மருத்துவர். ‘யாழ் நூல்’ (1947) தந்த விபுலாநந்த அடிகள் அறிவியல் பயின்றவர். எஸ். இராமநாதன் தேர்ந்த பாடகர். அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுச் சிலப்பதிகார இசை பற்றி நூல் எழுதியவர். அரங்கில் அமர்ந்தவரே நூலகத்திலும் அமரலாம் என்பதற்கு அவர் சான்று. அமெரிக்க இசையியல் வட்டாரத்தில் இசை வரலாறு கற்பித்தலுக்கென்றே 2010 முதல் ஓர் ஆய்விதழ் தோன்றியது. அங்கும் இது தானாக வரும் திறனாகக் கருதப்படவில்லை.

புதிய பட்டமோ புதிய துறையோ இதற்குத் தேவையில்லை. முதுகலை இரண்டாம் ஆண்டில் ஒரு தாள் போதும்; அதனை இசைத்துறையும் தமிழ் அல்லது கல்வெட்டியல் துறையும் இணைந்து நடத்த வேண்டும். தாளின் முதற்பாதி ஒரே சான்றைச் சுற்றி அமையலாம். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை ஆகிய கல்வி நகரங்களிலிருந்து குடுமியான்மலை ஒரே நாளில் சென்று திரும்பும் தொலைவில் உள்ளது. மாணவர் முதலில் அச்சிட்ட பாடத்தைப் படிக்காமல் பாறையைக் காண வேண்டும். காலை வெயில் சாயும் கோணத்தில் எழுத்து தெரிவதும் உச்சி வேளையில் மறைவதும் நூலில் கிடைக்காத பாடம். பின்னர் பண்டார்கரின் பாடத்துடன் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களைக் குறிக்க வேண்டும். மைப்படி எடுக்கத் தொல்லியல் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பதால், முன்னரே வெளியான மைப்படிகளைக் கொண்டு பயில்வதே நடைமுறைக்கு ஏற்றது. ‘புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகள்’ தொகுதியும் கே. ஆர். வேங்கடராம ஐயரின் சமஸ்தானக் கையேடும் அருகிருத்தல் நலம்.

இரண்டாம் பாதி வாய்மொழிச் சான்றுக்குரியது. இதில் மாணவர்க்கு ஆசிரியராக அமைய வேண்டியவர்கள் மரபுக் கலைஞர்களே. புதுக்கோட்டையிலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதசுரமும் தவிலும் தேவாரமும் கற்பிக்கப்படுகின்றன. அத்தகைய பள்ளிகளின் ஆசிரியர்களை ‘தகவலாளர்’ என்னும் இடத்திலிருந்து மதிப்பீட்டில் பங்குபெறும் இணையாசிரியர் என்னும் இடத்துக்கு உயர்த்துதல் வேண்டும். நேர்காணலைப் பதிவு செய்த மாணவர், எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக்காட்டி, அவர் மறுக்கும் இடங்களையும் உடன்பதிதல் கட்டாயமாகலாம்.

முனைவர் பட்ட நிலையில் வாய்ப்பு முன்னரே உள்ளது. 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி ஆய்வாளர் அனைவரும் தம் துறையைக் கற்பிக்கும் முறையிலும் எழுதும் முறையிலும் பயிற்சி பெற வேண்டும். வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் துணைப்பணியும் அளிக்கப்படலாம். இசைத்துறைகளில் இம்மணி நேரம் பெரும்பாலும் செய்முறை வகுப்புக்கே செலவிடப்படுவது இயல்பு. ஆய்வாளர் நன்கு பாடுவார், வகுப்பும் தடையின்றி நடக்கும். அதில் ஒரு மணி நேரத்தையேனும் வரலாற்று வகுப்புக்கு ஒதுக்கி, நெறியாளர் உடனிருந்து கேட்பாராயின், ஆய்வாளர் எங்குச் சான்றிலிருந்து விலகிக் கதைக்குள் நுழைகிறார் என்பது இருவருக்கும் தெரியவரும்.

இறுதியில் தடையாக நிற்பது தேர்வே. குடுமியான்மலையில் ஒரு நாள் முழுவதும் பாறையின்முன் நின்று வந்த மாணவரும், பருவத்தேர்வில் ‘குடுமியான்மலைக் கல்வெட்டைப் பொறித்தவர் யார்?’ என்னும் வினாவைக் கண்டால் மகேந்திரவர்மன் என்றே எழுதுவார். எழுதாவிடில் மதிப்பெண் போய்விடும். ஆதலால் பாடத்திட்டத்தைத் திருத்துவதற்கு முன்பே திருத்த வேண்டியது விடைக்குறிப்பு. ‘கல்வெட்டு பெயர் கூறவில்லை, உருத்திராசாரியரின் மாணவராகிய அரசர் ஒருவர் என்றே கூறுகிறது, அவரை மகேந்திரவர்மனாகக் கொள்வோர் காட்டும் சான்றுகள் இவை, ஐயுறுவோர் காட்டும் சான்றுகள் இவை’ என்று எழுதும் விடைக்கு முழு மதிப்பெண் என ஒரு பாடத்திட்டக் குழு எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அவ்வகுப்பை எடுக்கும் ஆசிரியர் அவ்வாறே கற்பிக்க வேண்டியிருக்கும்.